பந்தயக் குதிரை ஒளித்துவைக்கும் ரத்தம்

கடப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “ரேஸ் குதிரையின் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தால் எது ஜெயிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்கிறார்களே, உண்மையா?” 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு எடுத்துக்கொண்ட நாளிலிருந்து குதிரைப் பந்தயம் பற்றிய பேச்சு மறுபடி சூடுபிடித்திருக்கிறது. கூடவே மரபணு, ரத்தம், செயற்கை நுண்ணறிவு என்று அறிவியல் சாயம் பூசிய ‘டிப்ஸ்’களும் வந்துவிட்டன.

வாசகருக்கு நேரடியான பதில்: சொல்ல முடியாது. ஆனால் ஏன் முடியாது என்று தேடிப்போனால், விலங்குலகின் மிக நேர்த்தியான ஏற்பாடு ஒன்று கண்ணில் படுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நிதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கும் பந்தயக் குதிரையின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு ஏறக்குறைய 40 சதவீதம். நம் ரத்தத்திலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அந்தக் குதிரையே முழு வேகத்தில் பாயும்போது எடுத்துப் பார்த்தால் 60 முதல் 65 சதவீதம் வரை இருக்கும். ஒரு மனிதருக்கு இந்த அளவு இருந்தால் மருத்துவர் உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார். 1200 மீட்டர் பந்தயம் ஒன்றேகால் நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குள் எலும்பு மஜ்ஜை புதிதாக எதையும் செய்து தர முடியாது. அப்படியானால் இத்தனை சிவப்பணுக்கள் எங்கிருந்து வந்தன?

மண்ணீரலிலிருந்து. நமக்கு அது கைக்கு அடக்கமான சிறிய உறுப்பு. குதிரைக்கோ லிட்டர் கணக்கில் ரத்தம் கொள்ளும் பெரிய பை. உடலில் உள்ள மொத்தச் சிவப்பணுக்களில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ, கெட்டியான குழம்பாக அங்கே தங்கியிருக்கும். பையின் சுவரில் தசை நார்கள் ஓடுகின்றன. பயம், பரபரப்பு, ஓட்டம் என எது வந்தாலும் நரம்பும் அட்ரினலினும் தூண்ட, அந்தச் சுவர் இறுகும். உள்ளே இருப்பதெல்லாம் சில நொடிகளில் ரத்த ஓட்டத்தில் கலந்துவிடும். ஓட்டம் நின்ற பிறகு மெல்ல மெல்ல மறுபடி உள்ளே போய் அடங்கும். மண்ணீரல் அகற்றப்பட்ட குதிரைகளை ஓடவைத்துப் பார்த்திருக்கிறார்கள். சிவப்பணுக்களின் பங்கு அப்படி எகிறவில்லை. ஓடும் திறனும் குறைந்துபோனது.

இதை ஒரு கல்யாணப் பந்தியாக நினைத்துப் பாருங்கள். பசியோடு இலை முன் உட்கார்ந்திருப்பவை கால் தசைகள். சாம்பார் ஆக்சிஜன். வாளியோடு ஓடும் பரிமாறுபவர்கள் சிவப்பணுக்கள். வாளி நிரம்பும் சமையற்கட்டு நுரையீரல். சாதாரண நேரத்தில் பத்துப் பேர் பரிமாறினால் போதும். மற்றவர்கள் பின்கட்டு அறையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பின்கட்டுதான் மண்ணீரல். திடீரென்று இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். “எல்லாரும் எழுந்து வாங்கப்பா!” என்று ஒரு குரல். பின்கட்டு காலியாகிறது.

இனிதான் சிக்கல். பந்தி வரிசைகளுக்கு நடுவே இடம் குறுகியது. பத்துப் பேர் போய்வந்த வழியில் பதினைந்து பேர் புகுந்தால் தோளோடு தோள் இடிக்கும். சிவப்பணு கூடினால் ரத்தம் கெட்டிப்படுவதும் இப்படித்தான். அதைத் தள்ள இதயம் இன்னும் ஓங்கி அடிக்க வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 30, 40 முறை துடிக்கும் குதிரையின் இதயம் பாய்ச்சலில் 220ஐத் தாண்டுகிறது. நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் ரத்தத்தை இறைக்கிறது. பரிமாறுபவர்கள் இந்த வேகத்தில் ஓடினால் சமையற்கட்டில் வாளி நிரம்பும்வரை யார் நிற்பது? முக்கால் வாளியோடு கிளம்பிவிடுகிறார்கள். முழுப் பாய்ச்சலில் உள்ள குதிரையின் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு நிஜமாகவே குறைந்துபோகிறது. ஆனாலும் ஆட்கள் அத்தனை பேர் இருப்பதால் முக்கால் முக்கால் வாளியாகவே பந்திக்கு வேண்டியது வந்து சேர்ந்துவிடுகிறது. நெரிசலில் சமையற்கட்டின் வாசல் நிலை பெயர்வதும் உண்டு. நுரையீரல் ரத்த நாளங்களில் அழுத்தம் ஓய்வில் இருப்பதைப்போல் மூன்று நான்கு மடங்கு ஏறுகிறது. மெல்லிய தந்துகிகள் கிழிந்து காற்றறைகளுக்குள் ரத்தம் கசிகிறது. ஓடி முடித்த பந்தயக் குதிரைகளின் மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் ஏதோ ஓர் அளவுக்கு ரத்தம் தென்படுகிறது. வேகத்துக்கு அந்தப் பிராணி கொடுக்கும் விலை இது. கேலரியில் நின்று கத்துகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறேன்.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருவோம். பந்தயத்துக்கு முன் ரத்தம் எடுத்துச் சிவப்பணுக்களை எண்ணினால் குதிரையின் தகுதி தெரியாதா? பந்திக்கு முன்பு போய் ஆட்களை எண்ணினால், பின்கட்டில் இருப்பவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். சரி என்று ஊசியோடு பின்கட்டுக் கதவைத் தட்டினால், தட்டிய சத்தத்துக்கே பாதிப் பேர் எழுந்து வெளியே வந்துவிடுவார்கள்! குதிரை பயந்த சுபாவம் கொண்ட பிராணி. வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே மண்ணீரல் இறுகத் தொடங்கிவிடும். ஒரே குதிரையிடம் காலையில் ஓர் எண், லாயத்தில் சத்தம் கேட்ட பிறகு வேறோர் எண். கால்நடை மருத்துவர்கள் இந்தப் பரிசோதனையை நோய் கண்டறியப் பயன்படுத்துகிறார்கள். அதில் அர்த்தம் இருக்கிறது. ஜெயிக்கும் குதிரையை அதில் தேடுவது வீண்.

மரபணுப் பரிசோதனைக்கும் கொஞ்சம் இடம் கொடுப்போம். 2010ல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த எம்மெலின் ஹில் குழுவினர், தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டேடின் மரபணுவின் வேறுபாடுகளுக்கும் குதிரைக்கு ஏற்ற தூரத்துக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். நல்ல ஆய்வு. பத்திரிகைகள் அதற்கு ‘வேக மரபணு’ என்று பெயர் வைத்ததில்தான் வினை. குதிரை குறுந்தூரத்துக்கு ஏற்றதா, நெடுந்தூரத்துக்கா என்பதைத்தான் அது சொல்கிறது. 1200 மீட்டர் பந்தயத்தில் நிற்கும் குதிரைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே குறுந்தூரத்துக்கு என்று தேறி வந்தவை. அவற்றுக்குள் யார் முதல் என்று அந்த மரபணுவிடம் கேட்டால் பதில் இல்லை. 1973ல் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீள இடைவெளியில் வென்ற அமெரிக்கக் குதிரை செக்ரடேரியட்டின் ராட்சத இதயக் கதையும் இப்படித்தான். ‘22 பவுண்டு’ என்று எங்கும் எழுதுகிறார்கள். அந்த இதயத்தை யாரும் தராசில் வைக்கவில்லை. உடலைப் பரிசோதித்த மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொன்ன மதிப்பு அது.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. கிண்டியில் 1777ல் பந்தயம் தொடங்கியது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896ல் வந்தது. 1970களில் தமிழக அரசு தடைச் சட்டம் கொண்டுவர, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்த விளையாட்டு என்று 1996ல் தீர்ப்பானது.

குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கை என்று திறமை இருப்பது உண்மைதான். ஆனால் அதைக் கணித்துப் பணம் பார்ப்பது வேறு சங்கதி. ஹேண்டிகேப் பந்தயங்களில் நன்றாக ஓடும் குதிரைக்கு அதிக எடை ஏற்றுகிறார்கள். எல்லாக் குதிரைகளையும் ஒரே வரிசையில் முடிவுக் கோட்டுக்குக் கொண்டுவருவதுதான் அதன் நோக்கமே. இருக்கிற வித்தியாசத்தையும் ஈயம் வைத்துச் சமன் செய்துவிட்ட பிறகு, எஞ்சிய நூலிழை வித்தியாசத்தை எந்தக் கருவி பிடிக்கும்? பல நாட்டுக் கணக்குகளிலும் பேவரிட் குதிரை ஜெயிப்பது ஏறக்குறைய மூன்றுக்கு ஒரு முறை. டோட் எனப்படும் பந்தய முறையில் எல்லார் பணமும் ஒரே பானையில் விழுகிறது. கிளப்பின் பங்கும் வரியும் போக மீதிதான் பங்கீட்டுக்கு வரும். பந்தயம் கட்டும் தொகைக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 40 ஆனது. பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடக்கில் குதிரை பளபளப்பாகத் தெரிகிறதா, வியர்க்கிறதா என்று நீங்கள் பார்த்ததைப் பக்கத்தில் நிற்பவரும் பார்த்திருப்பார். அது பந்தய விலையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. இதைச் சொல்லாமல் டிப்ஸ் விற்பவர் எவரையும் நம்ப வேண்டாம்.

குதிரையின் உடல் தகுதியை அளக்கவே முடியாதா என்றால், முடியும். ஒளிந்திருக்கும் ரத்தம் முழுக்க வெளியே வந்த பிறகு அளக்க வேண்டும். அதாவது ஓடவிட்டு அளக்க வேண்டும். பயிற்சியாளர்கள் குதிரையின் மார்பில் கருவி கட்டி, இதயம் நிமிடத்துக்கு 200 முறை துடிக்கும்போது அதன் வேகம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பயிற்சி ஏற ஏற, அதே 200 துடிப்பில் குதிரை இன்னும் வேகமாக ஓடும். எண் திடீரென்று இறங்கினால் காலில் வலியோ நுரையீரலில் கோளாறோ இருக்கிறதா என்று தேடுவார்கள். இதுவும் அந்தக் குதிரையைப் போன மாதத்து அதே குதிரையோடு ஒப்பிடத்தான் உதவும். ஓட்டத்தை நிறுத்தி அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டிய நாள் எது என்பதை அந்த எண் ஒழுங்காகச் சொல்லிவிடும்.