மிளகாய் திறக்கும் கதவு

வீரசோழன் பக்கம் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளியவர்களைக் கேளுங்கள்: கையைக் கழுவினாலும் ராத்திரி வரை எரியும். தீ இல்லாமல் எப்படி? நம் நரம்பு செல்லில், 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் அயனிக் கதவு ஒன்று உண்டு. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினும் அதையே திறக்கிறது. கால்சியம் உள்ளே பாய, 'சுடுது' என்று மூளைக்குச் சேதி போகிறது.

இந்தக் கதவின் மரபணுவை 1997இல் கண்டுபிடித்தவர்கள் டேவிட் ஜூலியஸ் குழுவினர். 2021இல் அவருக்கு நோபல் பரிசு. காரம் உறைக்காத செல்களுக்குள் நரம்பு மரபணுக்களைச் செலுத்தி, எது வந்ததும் உறைக்கிறது என்று சலித்துப் பார்த்தார்கள். என்ன பொறுமை!

அடிபட்டு வீங்கிய இடத்தில் சுரக்கும் நரம்பு வளர்ச்சிப் புரதம் இந்தக் கதவுகளைக் கூட்டிவிடும். லேசான சூடும் அங்கே சுரீரென்னும். கிளிகளின் கதவோ கேப்சைசினுக்குத் திறக்காது. பழுத்த மிளகாயை நிம்மதியாகக் கொத்தித் தின்னும்.