ரோதாங் கணவாய்க்கு ஜீப்பில் போறீங்களா? முதல்ல பெர்மிட்!

மணாலியிலிருந்து 51 கி.மீ., உயரம் 3,978 மீட்டர். காலையில கிளம்பினா சாயங்காலம் திரும்பிடலாம். ஆனால் அனுமதி இல்லாத வண்டியை குலாபா சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிடுவாங்க. இமாச்சலப் பிரதேச அரசின் இணையதளத்தில், வண்டிப் பதிவெண்ணோட முன்கூட்டியே விண்ணப்பிக்கணும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு வரம்பு உண்டு. செவ்வாய்க்கிழமை சாலைப் பராமரிப்புக்காக சுற்றுலா வண்டிகளை விடமாட்டாங்க. வாடகை ஜீப்பா? 'பெர்மிட் இருக்கு சார்' என்ற பேச்சை நம்பாம, செல்போன்ல காட்டச் சொல்லுங்க. நீங்க போற தேதியும் வண்டி எண்ணும் அதில் இருக்கணும், அப்புறம்தான் முன்பணம்.

2020-ல் திறந்த அடல் சுரங்கப்பாதைக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஆனா அது மலைக்கு அடியில போற வழி. கணவாயைப் பார்க்க முடியாது.

மணாலி சேர்ந்த அன்னைக்கே மேலே ஏறாதீங்க. குழந்தைக்கோ பெரியவங்களுக்கோ தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தா, போட்டோவுக்கு நிற்காம உடனே வண்டியைக் கீழே இறக்கச் சொல்லுங்க.