உங்களுக்குத் தெரியுமா? பருவமும் கருப்பட்டிக் களியும்

தூத்துக்குடி மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் பெண் குழந்தை ருதுவானால், தாய்மாமன் சீர்வரிசையோடு வர, உளுந்தும் உடன்குடிக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டிய களியை அவளுக்கு ஊட்டுவது நெடுங்கால வழக்கம். உளுந்தின் புரதம், வேகமாக வளரும் அந்தச் சரீரத்துக்கு உகந்ததே.

ஆயினும், மூளையின் ஏவலால், அதன் அடியில் பட்டாணியளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்களே இம்மாறுதலுக்குக் காரணம் என்பதையும், பெண்களுக்குப் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றம் தொடங்குவது இயற்கையே என்பதையும், முதல் உதிரப்போக்கு வருமுன்னரே தாயோ ஆசிரியையோ எடுத்துரைப்பாராயின், குழந்தையின் மனத்தில் பீதிக்கு இடமிராது.

விழா ஏதும் காணாத சிறுவனுக்கோ, குரல்வளை பெரிதாகிக் குரல்நாண்கள் நீண்டு தடிப்பதால் குரல் உடைகிறது. நாளடைவில் அது தானே நிலைபெறும் என்று தந்தை சொல்லிவைத்தால், வகுப்பில் வாய் திறக்க அவன் கூசான்.

பெண் குழந்தைகளின் உதிரப்போக்குக் காலத் தூய்மைக்கெனத் தமிழக அரசு 2011-ஆம் ஆண்டில் அறிவித்த திட்டம், கிராமப்புறத்து வளரிளம் பெண்களுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை 3 பாக்கெட்டாக, ஆண்டுக்கு 18 பாக்கெட் நாப்கின்களை இலவசமாக வழங்க வகைசெய்தது.