பித்தம் என்று விட்டுவிடாதீர்கள்

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயில் ஏறி பெங்களூரு வேலைக்குப் போகிறவர்கள் பலர், வெறும் வயிற்றில் ஒரு டீயோடு கிளம்புகிறார்கள். வீடு திரும்ப இரவாகிவிடும். "வாயைக் குமட்டுது, உடம்புல தெம்பே இல்ல" என்றால், "பித்தம், எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடி" என்று பதில் வரும். பட்டினியும் தூக்கக் குறைவும்தான் காரணமென்றால் வேளைக்குச் சாப்பாடும் ஓய்வும் போதும். இரண்டு வாரமாகியும் விடவில்லையென்றால் பரிசோதனை அவசியம்.

சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு

இந்தியாவில் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் முதன்முதலில் 1947-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் பதிவானதாக மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. பாறையைத் துளைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் நுரையீரலுக்குள் போன தூசி வெளியே வரவில்லை. வேலையை விட்டுப் பல வருடம் கழித்தும் மூச்சிரைப்பும் அசதியும் தலைகாட்டலாம். அந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பிடிக்கும். சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, எடை குறைவது அதன் அடையாளங்கள். சிலிக்கா சிறுநீரகத்தையும் கெடுக்கும். அது பழுதானால் குமட்டலும் களைப்பும் சேர்ந்தே வரும்.

காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு

ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். குமட்டல், சோர்வு, மஞ்சள் கண், கறுத்த சிறுநீர் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மருந்தை நிறுத்துவதா, மாற்றுவதா என்று அவர் சொல்வார். யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டு வீட்டில் இருந்தால் நோய் முற்றும். இந்த இடத்தில்தான் பலர் சிகிச்சையைக் கைவிடுகிறார்கள் என்பது என் பெரிய கவலை.

வீட்டுப் பெண்களுக்கு

எல்லோருக்கும் பரிமாறி மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம் இரத்தசோகையில் கொண்டுவிடும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு அது இருந்தது. மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் கர்ப்பமா என்று பாருங்கள். சர்க்கரை நோய், தைராய்டு, மஞ்சள் காமாலை மூன்றையும் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

நெஞ்சில் பாரம், குளிர்ந்த வியர்வை, மூச்சுமுட்டல் இவற்றோடு குமட்டினால் மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமலும் வரும். 108-ஐ அழையுங்கள்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

பெங்களூரில் பார்க்கும் மருத்துவருக்கு நீங்கள் எந்த ஊர் என்று தெரியாது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்திலோ உரிகம் சுரங்கத்திலோ எத்தனை வருடம் கீழே இறங்கினீர்கள், துளை போட்டீர்களா, கல் அரைக்கும் ஆலையில் இருந்தீர்களா என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.