கைராசி அல்ல, கைப்பழக்கம்!

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே வயதான பால்மரம் ஒன்று நிற்கிறது. இந்நாட்டின் மிகப் பழைய ரப்பர் மரங்களில் அதுவும் ஒன்று. 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்த விதைகள் ஏறத்தாழ 70,000. முளைத்தவையோ 2,700 அளவில்தான். மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டன் பூட்டன்மாருக்குச் சோறு போட்ட கித்தாக் காடுகள், யாரோ சிலர் கண்ணுங் கருத்துமாய்க் காத்த நாற்றுகளிலிருந்து வந்தவையே.

ஆனால், வீட்டுக்குப் பின்னால் நாலு மிளகாய்ச் செடி வைக்கும் நாம், நாற்றைப் பொருட்படுத்துகிறோமா? செடி பட்டுப்போனால், "எனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லிவிட்டுப் பசாருக்குப் போய்விடுகிறோம்.

நானும் அப்படி இருந்தவன்தான். ஒரு முறை பள்ளிப் பிள்ளைகளைப் பழைய மைலோ டின்களில் மிளகாய் விதை போடச் சொன்னேன். தினமும் மூன்று வேளை தண்ணீர் ஊற்றும்படியும் சொல்லி வைத்தேன். பச்சைப் பசேலென்று முளைத்தது. பத்தாம் நாள் காலையில் பார்த்தால், பாதி நாற்றுகள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்து கிடந்தன. ஒரு சிறுமி தன் டின்னைப் பாவாடையில் மறைத்துக்கொண்டு, "எனக்குக் கைராசி இல்லையா, சார்?" என்று அழுதாள்.

அவளை அழைத்துப்போக வந்த பாட்டி, இளவயதில் ரப்பர் நாற்றுமேடையில் வேலை பார்த்தவர். டின் மண்ணை விரலால் அழுத்திப் பார்த்தார். "வாத்தியாரே, பிள்ளை மேலயும் குத்தமில்ல, விதை மேலயும் குத்தமில்ல. டின்னுக்கு அடியில ஓட்டையே இல்லையே! தண்ணி எங்க போகும்?" என்றார்.

குற்றம் என்னுடையது. அது நாற்றழுகல் நோய். ஈர மண்ணில் பெருகும் பூசணம் இளந்தண்டைத் தின்றுவிடும். அன்று பாட்டியிடம் கற்றதையும் பிறகு பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே சொல்கிறேன்.

முதலில், எதை நாற்றுவிட வேண்டும்? மிளகாய், கத்தரி, தக்காளி ஆகிய மூன்றையும் நாற்றுவிட்டு நடலாம். வெண்டி, பயற்றங்காய் போன்றவற்றை நேரே பாத்தியில் ஊன்றுவதே நல்லது. வேர் அசைந்தால் அவற்றுக்கு ஆகாது.

மண் மூன்று பங்கு, நன்கு மக்கிய சாணம் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம். அதன் சூடு வேரைக் கருக்கிவிடும். கலந்த மண்ணில் கொதிநீர் ஊற்றி, ஆறவிட்டுப் பயன்படுத்தினால் பூசணம் குறையும். டின்னோ பாலிதீன் பையோ, அடியில் நாலைந்து ஓட்டைகள் அவசியம்.

விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். மிளகாய் முளைக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அவசரப்பட்டுக் கிளறிப் பார்க்காதீர்கள். நெருக்கமாய் முளைத்தால் நோஞ்சானைக் களைந்துவிடுங்கள். மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். அதையும் காலையில் செய்யுங்கள். சாய்ந்த நாற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்தெறியுங்கள்.

தாழ்வாரத்து நிழலிலேயே வைத்திருந்தால் நாற்று வெளிறி, நூல்போல் நீண்டுவிடும். காலை வெயில் படட்டும். நம் பேராக் மாநிலத்தின் பிற்பகல் மழைக்கு மட்டும் மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டுங்கள்.

நாலைந்து வாரத்தில், ஐந்தாறு இலை விட்டதும் நாற்று தயார். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைச் சற்றுக் குறைத்து, வெயில் நேரத்தை நாளுக்கு நாள் கூட்டுங்கள். பழக்காமல் நட்டால் வெயிலில் துவண்டுவிடும்.

பாத்தியையும் முன்கூட்டியே ஆயத்தம் செய்யுங்கள். ஈப்போவைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள் நின்றாலும், நம் கித்தாக் காட்டு மண் புளிப்பு மண். இரண்டு வாரத்துக்கு முன்பே தோட்டச் சுண்ணாம்புத் தூளைக் கலந்து வையுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு, வேரோடு ஒட்டிய மண் உதிராமல், இரண்டடிக்கு ஒன்றாய் நட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மில் பலர் இன்று பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறோம். காய்கறித் தோட்டம் போட இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் மாடத்தில் மூன்று தொட்டிகளுக்கு இடமிருக்குமே!

அந்தச் சிறுமி மறுபடியும் விதை போட்டாள், இம்முறை ஓட்டை போட்ட டின்னில். மூன்று நாற்றுகள் தேறின. சில மாதங்கள் கழித்து, ஒரு கைப்பிடிப் பச்சை மிளகாயைத் தாளில் பொதிந்து என் மேசையில் வைத்தாள். அன்று முதல் என் வகுப்பில் யாரும் கைராசியைப் பற்றிப் பேசுவதில்லை.