புலியோடு மோதும் யானை: பருவ விடுமுறையில் அணி கட்டும் கணக்கு

பகாங் காற்பந்து அணிக்கு 'தோக் காஜா' என்று செல்லப் பெயர். யானை. எதிரே நிற்கும் ஜொகூர் டாருல் தக்ஸிமுக்கு 'தெற்குப் புலி' என்று பெயர். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து வீடுகளில் இந்த யானைக்காகத் தொண்டை வறளக் கத்தியவர்கள் ஏராளம். தானா ராத்தாவுக்கு ஈப்போ கிட்டம், குவாந்தான் தொலைவு. இருந்தும் மாநிலப் பற்று யாரை விட்டது? தொலைக்காட்சிப் பெட்டிதான் அவர்களுக்கு அரங்கம்.

ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் தோட்டத்துக் கடைகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "அடுத்த வருஷமாவது ஜொகூரைத் தோற்கடிக்க முடியுமா?" இதற்கான பதில் திடலில் எழுதப்படுவதில்லை. ஆட்டமே இல்லாத விடுமுறை மாதங்களில், யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, யாரை வாங்குவது என்ற கணக்கில்தான் எழுதப்படுகிறது.

முதலில் எதிரியின் பலத்தைப் பார்த்துவிடுவோம். 2013இல் புதுக்கோலம் பூண்ட ஜொகூர், ஸ்பெயினின் டேனி குய்சா, அர்ஜென்டினாவின் பாப்லோ ஐமார் போன்ற உலகப் பெயர்களைக் கொண்டுவந்தது. ஐமார் காயத்தால் அதிகம் ஆடாமலேயே 2014 ஏப்ரலில் விடைபெற்றார். வேறொரு மாநில அணி இப்படி ஒரு அடி வாங்கியிருந்தால் பருவமே படுத்திருக்கும். ஜொகூரோ அதே ஆண்டு சூப்பர் லீக் வெற்றியாளரானது. அந்த ஆண்டு தொடங்கி 2024-25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை லீக் பட்டம் அதற்கே. 2015இல் ஏ.எஃப்.சி. கிண்ணம், 2020இல் சொந்தமாகப் புத்தம் புது அரங்கம். தவறு செய்தாலும் தாங்கும் பணப்பை இருப்பதுதான் பலமான அணியின் முதல் பலம். நட்சத்திரங்கள் அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் மற்றவர்கள் என்னதான் செய்வது? இதே கேள்வி அமெரிக்காவின் பேஸ்பால் விளையாட்டிலும் எழுந்தது. பேஸ்பால் என்பது நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். 2001 பருவம் முடிந்ததும் ஓக்லாந்து அணியின் பெரும்புள்ளி ஜேசன் ஜியாம்பியைப் பணக்கார நியூயார்க் யாங்கீஸ் கொத்திக்கொண்டு போனது. ஓக்லாந்தின் சம்பளச் செலவு ஏறக்குறைய 4 கோடி டாலர். யாங்கீஸுக்கோ 12 கோடிக்கு மேல். அதே மாதிரி இன்னொரு நட்சத்திரத்தைத் தேடி ஓக்லாந்து அலையவில்லை. முழங்கை காயத்தால் மற்ற அணிகள் கைவிட்ட ஸ்காட் ஹாட்டபெர்க் போன்றவர்களைக் குறைந்த விலைக்குச் சேர்த்தது. அடித்து நொறுக்குகிறாரா என்று பார்க்கவில்லை, அவுட் ஆகாமல் தளத்துக்குப் போய்ச் சேருகிறாரா என்று பார்த்தது. 2002இல் இரு அணிகளும் ஆளுக்கு 103 ஆட்டங்களில் வென்றன. சந்தை எதற்கு விலை போடத் தவறுகிறதோ, அதை வாங்குவதுதான் ஏழை அணியின் வழி. ஆனால் வேடிக்கை பாருங்கள், அந்த ஆண்டு வெளியேற்றுச் சுற்றில் இரண்டுமே முதல் கட்டத்திலேயே மண்ணைக் கவ்வின. குறுகிய போட்டியில் யார் வேண்டுமானாலும் விழலாம்.

பகாங்குக்கு வாய்ப்பு தந்ததும் இந்தக் குறுகிய போட்டிதான். 2011 பருவத்தோடு சூப்பர் லீக்கிலிருந்து தள்ளப்பட்ட அணி அது. 2013இல் திரும்பி வந்தபோது அந்த விடுமுறையில் செய்த தேர்வு கச்சிதமானது. தற்காப்புக்கு ஜமைக்காவின் டேமியன் ஸ்டுவர்ட், தாக்குதலுக்கு நைஜீரியரான டிக்சன் நுவாகேமே, அர்ஜென்டினாவின் மத்தியாஸ் கோன்ட்டி. இவர்களைச் சுற்றி ஆர். கோபிநாதன், அசாமுடின் அகில் போன்ற உள்நாட்டவர். 2013 மலேசியக் கிண்ண இறுதியில் கிளந்தானை 1-0 என வென்றபோது அந்த ஒற்றைக் கோல் கோன்ட்டியுடையது. 2014இல் எஃப்.ஏ. கிண்ணம் வந்தது. அதே ஆண்டு மலேசியக் கிண்ண இறுதியில் ஜொகூருடன் 2-2 என முடிந்து, பெனால்டியில் 5-3 என யானை புலியை மிதித்தது.

லீக் என்பது மாதக்கணக்கில் ஓடும் ஓட்டம். மாற்று ஆட்டக்காரர் யார், மூன்றாவது மாற்று யார் என்பது வரை அங்கே எண்ணப்படும். கிண்ணமோ சில ஆட்டங்கள். முதல் பதினொருவர் உறுதியாக இருந்தால் அங்கே பெரிய அணியைத் தொடலாம். 2017, 2019 இரண்டிலும் பகாங் லீக்கில் இரண்டாம் இடம் வரை போனது, முதல் இடம் கிட்டவில்லை.

ஏன் கிட்டவில்லை? இங்கேதான் விஷயம் கசக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டினால் சில மாதம் கொழுந்து கிடையாது, பிறகு செடி தழைக்கும். வெட்டியவரே கொழுந்து எடுப்பார். காற்பந்தில் வளர்ப்பவர் ஒருவர், பறிப்பவர் வேறொருவர். ஆஸ்திரேலியாவில் பிறந்த மேத்யூ டேவிஸ் பகாங்கில் தலைவராக உயர்ந்தவர். 2020இல் ஜொகூருக்குப் போனார். காம்பியாவில் பிறந்த முகமது சுமாரே பகாங்குக்கு ஆடி, 2018இல் மலேசியக் குடியுரிமை பெற்றுத் தேசிய அணிக்குள் நுழைந்தவர். 2020இல் ஒப்பந்தத் தகராறில் பகாங்கை விட்டுத் தாய்லாந்துக்குப் போய், 2021இல் ஜொகூரில் வந்து நின்றார். யாங்கீஸ் ஜியாம்பியைக் கொண்டுபோன அதே கதை.

இதில் ஜொகூரைக் குறை சொல்லிப் பயனில்லை. நேரத்துக்குச் சம்பளம், நல்ல பயிற்சித் திடல், ஆசியப் போட்டிகளில் ஆடும் வாய்ப்பு. குடும்பம் உள்ள ஆட்டக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்? மலேசிய அணிகள் பலவற்றில் சம்பள பாக்கி என்பது ஆண்டுதோறும் கேட்கும் செய்தியாகிவிட்ட நிலையில், மாதக் கடைசியில் பணம் வரும் என்ற நம்பிக்கையே பெரிய கவர்ச்சி. அதனால், சின்ன அணியின் விடுமுறைத் திட்டத்தில் முதல் வரி புதிய ஆளின் பெயராக இருக்கக்கூடாது, இருப்பவர்களின் சம்பளமாக இருக்க வேண்டும். கட்டித் தீனி போட முடிந்த அளவுக்குத்தான் யானை. அடுத்த வரி, நல்ல ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தைக் கடைசி ஆண்டுக்கு விடாமல் முன்பே நீட்டிப்பது. அப்போதுதான் அவர் போனாலும் கையில் காசு வரும், அந்தக் காசில் இரண்டு இளைஞர்களை வளர்க்கலாம்.

2025 ஏப்ரலில் ஸ்ரீ பகாங் என்ற பெயரில் அதே அணி மீண்டும் மலேசியக் கிண்ண இறுதிக்கு வந்தது. எதிரே ஜொகூர். 2-1 என்றுதான் தோற்றது. அவ்வளவு நெருக்கம். அடுத்த விடுமுறையில் யாரை வாங்குவார்கள் என்று விசிறிகள் பேசிக்கொண்டிருந்தபோது வந்தது வேறு செய்தி. 2025-26 சூப்பர் லீக்கிலிருந்து ஸ்ரீ பகாங் விலகியது. மலைக்குக் கிட்டத்து மாநிலமான பேராக்கும் விலகியது. இறுதியாட்டம் வரை போன ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் வேறு அணி தேட வேண்டியதாயிற்று.