பழைய கணக்கைக் காப்பாற்ற ஒரு பழைய லேப்டாப்



வேலூர் லாங்கு பஜாராக இருந்தாலும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு கடைத்தெருவாக இருந்தாலும், நம் மளிகை வியாபாரம் ரொக்கமும் கணக்கும் கலந்தது. தோல் தொழிற்சாலைகளிலும் காலணிக் கம்பெனிகளிலும் வேலை செய்யும் குடும்பங்கள் மாதச் சாமான் வாங்கிப் போய், சம்பளத் தேதியில் கணக்கை முடிக்கின்றன. பிரியாணிக் கடைக்காரர் சீரகச் சம்பா அரிசியை மூட்டையாக எடுத்துக்கொண்டு வாரக் கணக்கில் பணம் தருகிறார். இந்த வரவு செலவெல்லாம் ஒரு காலத்தில் பேரேட்டில் இருந்தன. பிறகு கம்ப்யூட்டருக்குள் போயின. பேரேட்டைக் கரையான் அரிக்காமல் பார்த்துக்கொண்ட நாம், கம்ப்யூட்டருக்குள் போன கணக்கை அதே கவனத்தோடு பார்த்துக்கொள்கிறோமா?

என் அனுபவத்தையே சொல்கிறேன். எங்கள் கடைக்கு உள்ளூர்த் தம்பி ஒருவர் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒரு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அதிலேயே மாற்றம் செய்து தந்தார். பிற்பாடு அவர் ஊரை விட்டுப் போய்விட்டார். நாங்களும் 2023-இல் புதிய மென்பொருளுக்கு மாறி, பழைய கம்ப்யூட்டரை மூலையில் வைத்துவிட்டோம். ஒரு நாள் பழைய ஆண்டுக் கணக்கு ஒன்று தேவைப்பட்டது. சுவிட்சைப் போட்டால் மெஷின் எழுந்திருக்கவில்லை. புரோகிராமைப் புதிய கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தோம், ஓடவில்லை. அதில் சில பகுதிகள் 16 பிட் காலத்தவை. இன்றைய 64 பிட் விண்டோஸ் அவற்றை ஏற்காது.

இது வெறும் சங்கடமாக முடிகிற விஷயமல்ல. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2021-22 ஆம் ஆண்டுக்குக் கெடு 31.12.2022. ஆகவே அந்தக் கணக்கு 31.12.2028 வரை நம் கையில் இருக்க வேண்டும். மேல்முறையீடோ வழக்கோ நடந்தால், அது முடிந்து ஓராண்டு வரையோ இந்த 72 மாதம் வரையோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். நோட்டீஸ் வரும் நாளில், "மெஷின் கெட்டுவிட்டது ஐயா" என்று சொன்னால் எடுபடாது.

கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

நல்லவேளையாக எங்கள் பழைய மெஷினில் ஹார்ட் டிஸ்க் கெடவில்லை. டெக்னீஷியன் அதைக் கழற்றி, அதில் இருந்ததை முழுவதுமாக ஒரே ஃபைலாக நகல் எடுத்தார். அந்த ஃபைலை வேறொரு லேப்டாப்பில் 'விர்ச்சுவல் மெஷின்' என்ற முறையில் திறந்தார். திரையில் ஒரு ஜன்னல் விரிந்தது. அந்த ஜன்னலுக்குள் எங்கள் பழைய விண்டோஸ், பழைய புரோகிராம், பழைய பாக்கிக் கணக்கு எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

விர்ச்சுவல் மெஷின் என்பது கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். ஒரு பெரிய கடையில் தடுப்புப் போட்டு, உள்ளே ஒரு சின்னக் கடை நடத்துவது போல. இடம், கரண்ட், ஆள் எல்லாம் பெரிய கடையுடையதே. ஆனால் சின்னக் கடைக்குத் தனிக் கல்லா, தனிப் பூட்டு. இதற்கான மென்பொருள்கள் செலவில்லாமல் கிடைக்கின்றன. விர்ச்சுவல்பாக்ஸ் என்பதன் அடிப்படைப் பதிப்பு இலவசம். வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ என்பதை 2024 நவம்பரில் வியாபார உபயோகத்துக்கும் இலவசமாக்கினார்கள். விண்டோஸ் புரோ பதிப்பில் ஹைப்பர்-வி கூடவே வருகிறது. ஹோம் பதிப்பில் அது இல்லை.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பழைய கம்ப்யூட்டர் முழுவதும் சில ஃபைல்களாக மாறிவிடுவதால், வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து வீட்டுப் பீரோவில் வைத்துவிடலாம். நாளை லேப்டாப் கெட்டாலும் வேறொன்றில் திறந்துகொள்ளலாம்.

எல்லோருக்கும் இது தேவை என்று சொல்லவில்லை. பழைய கணக்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றிச் சரியாகத் திறக்க முடிகிறவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம். முழுக்க டாஸ் காலத்துப் புரோகிராமாக இருந்தால், ஃப்ரீடாஸ் என்ற இலவச மென்பொருளே போதும். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். பழைய விண்டோஸோடு கட்டிப்போட்ட புரோகிராம் வைத்திருப்பவர்களுக்கே இனி வரும் விவரங்கள்.

பணத்தை எதில் போடுவது?

ஒரே லேப்டாப்பில் இரண்டு கம்ப்யூட்டர் ஓட வேண்டும் என்பதால், 'பார்க்கப் புதுசாக இருக்கிறதே' என்று வாங்கினால் ஏமாற்றந்தான். தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவர் தோலின் பளபளப்பை மட்டும் பார்த்து விலை சொல்வதில்லை. திருப்பிப் போட்டு உட்புறத்தையும் தடவிப் பார்க்கிறார். லேப்டாப்பிலும் உட்புறத்தில் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, மெமரி. உள்ளே ஓடும் கம்ப்யூட்டருக்கும் இதிலிருந்துதான் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும். விண்டோஸ் 11, பில்லிங் மென்பொருள், ஜி.எஸ்.டி. இணையதளம் மூன்றும் திறந்திருந்தாலே 5, 6 ஜி.பி. போய்விடும். உள்ளே விண்டோஸ் 7-க்கு 2 ஜி.பி. கொடுக்க வேண்டும். ஆக 8 ஜி.பி. என்பது இழுபறி, 16 ஜி.பி. என்பது நிம்மதி. 2025 இறுதியில் உலகச் சந்தையிலேயே மெமரி விலை கடுமையாக ஏறியது. எனவே 'பிறகு போட்டுக்கொள்ளலாம்' என்று எண்ணாமல், 16 ஜி.பி. ஏற்கெனவே போட்ட லேப்டாப்பையும், 8 ஜி.பி. லேப்டாப்போடு தனி மெமரியையும் விலை கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். மெமரி போடும் இடம் இரண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் மெமரியைப் பலகையோடு ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அதைப் பிற்பாடு கூட்டவே முடியாது.

இரண்டாவது, பிராசஸரின் தலைமுறை. ஐ5, ஐ7 என்ற ஸ்டிக்கரை மட்டும் பார்க்கக் கூடாது. அதற்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஐ5-8250யு என்றால் முதல் எண் 8, அது எட்டாவது தலைமுறை. ஐ5-10210யு என்றால் பத்தாவது. ஐ7-7600யு என்பது ஏழாவது தலைமுறை. அதில் இரண்டே கோர். ஐ5-8250யு-வில் நான்கு கோர். அதாவது இரண்டு ஆள் நிற்கும் பெரிய பெயர்க் கடையை விட, நான்கு ஆள் நிற்கும் சாதாரணக் கடை நமக்கு மேல். மேலும் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14.10.2025-இல் முடிந்துவிட்டது. இன்டெலில் பொதுவாக எட்டாவது தலைமுறை முதல்தான் விண்டோஸ் 11-ஐ அதிகாரபூர்வமாக ஏற்கும். ஆறாவது, ஏழாவது தலைமுறை லேப்டாப் மலிவாகக் கிடைத்தால், அந்த மலிவுக்குக் காரணம் இதுதான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, எஸ்.எஸ்.டி. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் எழுதவும் படிக்கவும் தொடங்கினால், கவுண்டரில் கூட்டம் சேர்ந்துவிடும். எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி. குறைந்தபட்சம், 512 இருந்தால் நல்லது.

கம்பெனிகளில் பயன்படுத்திவிட்டு மொத்தமாக விற்கும் லேப்டாப்களே இதற்குப் பொருத்தம். லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் 5490, எச்.பி. எலைட்புக் 840 ஜி5 ஆகியவை எட்டாவது தலைமுறையில் கிடைப்பவை. மூன்றிலும் மெமரிக்கு இரண்டு இடம் உண்டு. டி480-க்கும் அதற்கு முந்தைய டி470-க்கும் தோற்றத்தில் அதிக வித்தியாசம் தெரியாது. ஆனால் டி470-இல் இருப்பது ஆறாவது அல்லது ஏழாவது தலைமுறை. பெயரை ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். ஆப்பிளின் எம்1 போன்ற லேப்டாப்கள் நல்லவையே என்றாலும் அவற்றின் பிராசஸர் வேறு வகை. நம் பழைய விண்டோஸை அதில் ஓட்டுவது சரிப்படாது.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

நம் வட்டாரத்துக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் சென்னை ரிச்சி தெரு, மறு பக்கம் பெங்களூரு எஸ்.பி. ரோடு. ஒரே ரயில் பாதையில் இரண்டுக்கும் போகலாம். எங்கே போனாலும் அவசரப்படாமல் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. லேப்டாப்பை ஓடவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சி.பி.யு. என்பதைத் தொட்டால் பிராசஸரின் முழுப் பெயரும், கீழே 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரியும் இருக்கும். 'எனேபிள்ட்' என்று இருந்தால் சரி. மெமரி என்பதைத் தொட்டால் எத்தனை இடத்தில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும்.

2. 'டிஸேபிள்ட்' என்று இருந்தால், பயாஸ் அமைப்புக்குள் போய் அதை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பயாஸுக்குள் போகும்போது பாஸ்வேர்டு கேட்டு, அது கடைக்காரருக்கும் தெரியாவிட்டால், அந்த லேப்டாப்பை அங்கேயே வைத்துவிடுங்கள். பழைய கம்பெனியின் பூட்டு அதில் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

3. மேஜையில் வைத்தால் நான்கு காலும் படிய வேண்டும். ஆடினாலோ, டச்பேட் மேலே தூக்கினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அது ஆபத்து. பேட்டரி ரிப்போர்ட்டும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

4. அரை மணி நேரம் ஓடவிடுங்கள். விசிறி இரைகிறதா, அடிப்பகுதி கை வைக்க முடியாமல் சுடுகிறதா என்று பாருங்கள்.

5. எல்லாவற்றையும் விடச் சிறந்த சோதனை இது: பழைய கணக்கின் விர்ச்சுவல் மெஷின் நகல் ஒன்றை வெளி டிஸ்க்கில் கையோடு கொண்டுபோய், வாங்கப்போகும் லேப்டாப்பிலேயே திறந்து, ஒரு பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். நம் சாமானை நம் தராசிலேயே நிறுத்துப் பார்த்தது போலாகும்.

பில் இல்லாமல் வாங்க வேண்டாம்

சீரியல் எண் எழுதிய பில்லைக் கட்டாயம் கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றி வாங்கினாலோ, பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆவது பிரிவின்படி குற்றம். பில்லும் இல்லாமல் விலையும் அநியாயத்துக்குக் குறைந்தால் எச்சரிக்கை தேவை.

பழைய பொருள் விற்பவர் பலர் தங்கள் லாபத்தின் மீது மட்டும் ஜி.எஸ்.டி. கட்டும் முறையில் இருப்பார்கள். அந்தப் பில்லில் நமக்கு வரவு வைக்க வரி இருக்காது. முழு வரிப் பில் போடுகிறாரா என்று முதலிலேயே கேட்டு, அதன்படி விலையை ஒப்பிடுங்கள். பெங்களூரில் வாங்கினால் நம் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து ஐ.ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். கர்நாடக மாநில வரி போட்ட பில்லை வைத்துத் தமிழ்நாட்டில் வரவு எடுக்க முடியாது. காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு எப்படியும் வரி வரவு கிடையாது.

வாங்கிய பிறகு

உள்ளே ஓடும் விண்டோஸுக்கும் தனி லைசென்ஸ் தேவை. பழைய மெஷினோடு வந்தது இதற்குச் செல்லுமா என்று விசாரித்துச் செய்யுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி-க்கு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. ஆகவே உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்து வையுங்கள். கணக்குப் பார்க்க அது தேவையுமில்லை. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் அகலமான ஒயருக்கு இந்த லேப்டாப்களில் இடம் இருக்காது. பில்லைப் பி.டி.எஃப். ஆக எடுத்து வெளியிலிருந்து அச்சடித்துக்கொள்ளலாம். புரோகிராமுக்குப் பூட்டுக் கட்டை, அதாவது டாங்கிள், இருந்தால் அதை மறக்காமல் எடுத்து வையுங்கள். அது இல்லாமல் கணக்குத் திறக்காது.

எங்கள் கடையில் இப்போது எட்டாவது தலைமுறை ஐ5, 16 ஜி.பி. மெமரி போட்ட ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. மூடியில் கீறல், ஓரத்தில் ஒரு நசுங்கல். முன்பக்கம் இன்றைய பில், ஜன்னலுக்குள் பழைய பேரேடு. பழைய பாக்கி கேட்டு வந்த ஒரு குடும்பத்துக்கு, அவர்கள் ஏற்கெனவே கட்டிவிட்டார்கள் என்பதை அதில்தான் காட்ட முடிந்தது. அன்று அவர்கள் முகத்தில் தெரிந்த நிம்மதி லேப்டாப் விலையை விடப் பெரிது.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். நாம் அளந்தது எல்லாம் அந்தப் பழைய மெஷினில்தான் இருக்கிறது. இன்று மாலை கடை சாத்துவதற்கு முன்பு மூலையில் கிடக்கும் அந்தக் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பிப் பாருங்கள். எழுந்தால் நாளையே நகல் எடுங்கள். லேப்டாப்பைப் பிறகு நிதானமாக வாங்கலாம்.